தொழில் விபத்து இழப்பீட்டு வழக்கில் மருத்துவச் சான்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடே கிடையாது என்று முதலாளி தரப்போ இன்சூரன்ஸ் கம்பெனியோ நேரடியாகச் சொல்வது குறைவு. ‘இந்தக் காயம் எங்கள் வேலையில்தான் பட்டதா?’, ‘இவ்வளவு ஊனம் எங்கிருந்து வந்தது?’ என்றுதான் கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் மருத்துவக் காகிதங்களில் இருக்க வேண்டும். 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர், இணை ஆணையர் முன் நடக்கும் வழக்குகளை வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

புதிய சட்டம் வந்துவிட்டதே, 1923 சட்டம் இன்னும் செல்லுமா?

2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் ஏழாம் அத்தியாயம்தான் இப்போது இழப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் விபத்து நடந்த தேதியில் எந்தச் சட்டம், எந்த உச்சவரம்பு இருந்ததோ அதை வைத்துத்தான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே 21.11.2025-க்கு முந்தைய விபத்துகளுக்குப் பழைய சட்டத்தின்படிதான் வழக்கு நடக்கும். பிரிவு எண்கள் மாறியிருந்தாலும், காய அட்டவணை (எந்தக் காயத்துக்கு எத்தனை சதவீத இழப்பு என்று சட்டமே தரும் பட்டியல்), டாக்டரின் மதிப்பீடு, வயதுக்கேற்ற காரணி எண் (சம்பளக் கணக்கைப் பெருக்கும் எண்) என்ற கட்டமைப்பு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. மருத்துவச் சான்று பற்றிக் கீழே சொல்வது இரண்டுக்கும் உதவும்.

எனக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். நானும் ஆணையரிடம் போகலாமா?

முடியாது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர் அதே காயத்துக்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்பதை ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு தடுக்கிறது. அங்கே ஊன சதவீதத்தை மருத்துவ வாரியம் முடிவு செய்யும். அதில் குறை இருந்தால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அல்லது ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம் போக வேண்டும். வாரியத்துக்குப் போகும்போது எக்ஸ்ரே படங்களையும் ஆபரேஷன் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். அட்டை நம்பர் இருக்கிறது, ஆனால் கம்பெனி பணம் கட்டவில்லை என்றால் கதை வேறு. அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வழக்குக்கு என்னென்ன மருத்துவக் காகிதங்கள் வேண்டும்?

முதலில் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வது. அடுத்து காயச் சான்று, ஓ.பி. சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் செய்திருந்தால் ஆபரேஷன் குறிப்பு. எக்ஸ்ரே, ஸ்கேன் என்றால் ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும். கடைசியில் ஊன மதிப்பீட்டுச் சான்று. இறந்துபோயிருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும், உள்ளுறுப்புகளை ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையும்.

பெரும்பாலானோர் கடைசிக் காகிதமான ஊனச் சான்றைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். உண்மையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது ஏ.ஆர். காப்பியை. சான்றில் 60 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் முதல் நாள் காகிதத்தில் அந்தக் காயம் இல்லை என்றால் அந்த 60-க்கு மதிப்பில்லை.

எக்ஸ்ரே படங்களை வீட்டில் மடித்து வைக்காதீர்கள். ஃபிலிம் ஒட்டிக்கொண்டால் முறிவுக் கோடு தெரியாது. சிடியாகக் கொடுத்தால் அன்றைக்கே வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். இரண்டு வருடம் கழித்து விசாரணை அறையில் திறக்காத சிடிகள் ஏராளம்.

ஏ.ஆர். காப்பியில் ‘பைக்கிலிருந்து விழுந்தார்’ என்று எழுதியிருக்கிறது. வழக்கு போச்சா?

போகவில்லை. ஆனால் கடினமாகிவிட்டது. இது அடிக்கடி நடப்பதுதான். அந்தப் பதிவேட்டில் பெயர், வயது, வந்த நேரம், யார் கூட்டி வந்தார் என்பதோடு ‘எப்படிப் பட்டது’ என்பதற்கு ஒரே ஒரு வரிதான் இடம். அடிபட்டவர் வலியில் இருப்பார். கூட வந்த சூப்பர்வைசர்தான் பதில் சொல்வார். ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும், பைக் என்று சொல்லுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற பேச்சு ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்திருக்கும். பணியில் இருக்கும் டாக்டர் சொன்னதை எழுதுவார். அவர் நேரில் பார்த்த சாட்சி இல்லை.

அந்த ஒரு வரியை உடைக்க, அதே ஆஸ்பத்திரியின் மற்றக் காகிதங்களைத்தான் தேட வேண்டும். பைக்கிலிருந்து விழுந்தவருக்கு வழக்கமாக முட்டி, முழங்கை, உள்ளங்கையில் சிராய்ப்பு இருக்கும், மண்ணும் ஜல்லியும் ஒட்டியிருக்கும். பவர் பிரஸ்ஸில் கை மாட்டியவருக்கு நசுங்கல் ஒரே இடத்தில் இருக்கும். விரல் எலும்பு துண்டு துண்டாகும், நகத்தடி கிழியும், மற்ற இடத்தில் கீறல்கூட இருக்காது. ஆபரேஷன் குறிப்பில் ‘காயத்தில் கிரீஸ் படிந்திருந்தது, கழுவப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் அது பத்து சாட்சிகளுக்குச் சமம். அதனால்தான் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல் முழு கேஸ் ஷீட்டையும் (ஆஸ்பத்திரி வைத்திருக்கும் சிகிச்சைப் பதிவுகள் அனைத்தும்) கேட்டு வாங்கச் சொல்கிறோம்.

வந்த நேரத்தையும் பாருங்கள். ஷிப்ட் 2 மணிக்கு முடிகிறது, பதிவு 11.40-க்கு என்றால் அந்த நேரத்தில் அவர் வருகைப் பதிவேட்டில் எங்கே இருந்தார் என்பதற்குக் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அனுப்பிய விபத்து அறிவிப்பு உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தவறான வரியை அந்த வாரமே கவனித்துவிட்டால், ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் பதிவுத் தபாலில் விவரம் எழுதி அனுப்புங்கள். பதிவேடு திருத்தப்படாவிட்டாலும், வழக்கு போட்ட பிறகு ஜோடித்த கதை இது என்ற வாதம் எடுபடாது.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டேன். என்ன செய்வது?

சீக்கிரம் எக்ஸ்ரே எடுங்கள். புது முறிவில் விளிம்பு கூராக இருக்கும். சில வாரங்களில் அதைச் சுற்றிப் புது எலும்பு படரத் தொடங்கும். அதைப் பார்த்து முறிவு ஏறத்தாழ எத்தனை வாரப் பழையது என்று எலும்பு மருத்துவர் சொல்ல முடியும். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் அந்தக் கணக்கு கைக்கு வராது. ஏன் தாமதம் என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லி, அவர் அதைச் சீட்டில் எழுதும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றுதானே?

இல்லை. பெரும்பாலான வழக்குகளில் சண்டையே இதைச் சுற்றித்தான்.

ஊன சதவீதம் என்பது உடலைப் பற்றியது. மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது, பிடி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து சொல்வது. சட்டம் கேட்பதோ வேறு: விபத்தின்போது செய்யத் தெரிந்திருந்த வேலைகளைச் செய்து சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு நிரந்தரமாகப் போயிற்று? ஒரே மணிக்கட்டு முறிவு ஒரு கணக்கருக்கு 5 சதவீத இழப்பாகவும், ஒரு வெல்டருக்கு 50 சதவீத இழப்பாகவும் இருக்கலாம்.

உச்ச நீதிமன்றத்தின் நால்வர் அமர்வு 1975-இல் பார்த்த வழக்கில், தியேட்டர் ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி அது பகுதி ஊனம்தான். ஆனால் ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்று தீர்ப்பானது. மோட்டார் வாகன விபத்து வழக்கொன்றில் 2010 அக்டோபரில் வந்த தீர்ப்பு இன்னும் தெளிவு. ஒரு உறுப்பின் ஊனத்தை முழு உடலின் ஊனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, முழு உடலின் ஊனத்தை அப்படியே வருமான இழப்பாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றது. கேட்டவுடன் கிடைக்கும் ரெடிமேட் ஊனச் சான்றுகளைப் பற்றியும் அதில் எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பத்தியை எதிர்த்தரப்பு வக்கீல்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

பணத்தில் இது எவ்வளவு என்று பாருங்கள். 35 வயதுக்காரர், மாதச் சம்பளம் 18,000 ரூபாய். 3.1.2020 முதல் கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 15,000. அதில் கணக்குக்குச் சட்டம் எடுக்கச் சொல்லும் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்கான காரணி 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய். இழப்பு 25 சதவீதம் என்றால் 4,43,385. 40 சதவீதம் என்றால் 7,09,416. டாக்டர் கூட்டிக் குறைத்து எழுதும் ஒவ்வொரு சதவீதமும் 17,735 ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனி ஏன் டாக்டரை இரண்டு மணி நேரம் கூண்டில் நிறுத்துகிறது என்பது இப்போது புரியும்.

விரல் போய்விட்டது. அட்டவணையிலேயே சதவீதம் இருக்கிறதே, டாக்டர் எதற்கு?

அட்டவணைக் காயத்துக்குச் சட்டமே இழப்பைச் சொல்லிவிடுகிறது. கட்டை விரல் முழுதும் போனால் 30. ஆட்காட்டி விரல் முழுதும் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. ஒரு கையின் நான்கு விரல்கள் 50. மற்றக் கண் நன்றாக இருக்கும்போது ஒரு கண்ணையே இழந்தால் 40, பார்வையை மட்டும் இழந்தால் 30.

டாக்டர் தேவைப்படுவது, எந்த வரி பொருந்தும் என்று நிறுவ. நுனியா, ஒரு கணுவா என்பதை எக்ஸ்ரே சொல்லும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், பணம் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து போனால் 14-உம் 12-உம் கூட்டி 26 என்று கேட்பார்கள். ‘ஒரு கையில் இரண்டு விரல், 20’ என்ற தனி வரியைக் காட்டி எதிர்த்தரப்பு மறுக்கும்.

அட்டவணையின் கடைசியில் உள்ள குறிப்பு பலர் கண்ணில் படுவதில்லை: ஒரு உறுப்பின் பயன்பாடு முழுதும் நிரந்தரமாகப் போயிருந்தால், அந்த உறுப்பே போனதற்குச் சமம். விரல் இருக்கிறது, ஆனால் மரக்கட்டைபோல் விறைத்துவிட்டது என்றால் இந்தக் குறிப்பின்கீழ் கேட்கலாம். அதற்கு டாக்டர் ‘அசைவு குறைந்துள்ளது’ என்று எழுதினால் போதாது. ‘பயன்பாடு முற்றிலும், நிரந்தரமாக இல்லை’ என்று அளவுகளோடு எழுத வேண்டும்.

அட்டவணையில் இல்லாத காயம். சான்றில் என்ன இருக்க வேண்டும்?

கால் எலும்பு முறிவு, முதுகெலும்பு, தலைக்காயம், தோள்பட்டை என்று பெரும்பாலானவை இந்த வகைதான். இங்கே சம்பாதிக்கும் திறன் இழப்பைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்று 4-ஆம் பிரிவே சொல்கிறது. மதிப்பிடும்போது அட்டவணைச் சதவீதங்களை மனத்தில் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. டாக்டர் உடலின் ஊனத்தை மட்டும் எழுதிவிட்டு வருமான இழப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால், ஆணையர் தாமாக ஒரு எண்ணைப் போடுவார். அது மேல்முறையீட்டுக்கு நேர்வழி.

நல்ல சான்று எப்படி இருக்கும்? வலது மணிக்கட்டு முறிவு என்று வைத்துக்கொள்வோம். பரிசோதித்த தேதி, பார்த்த பழைய காகிதங்களின் பட்டியல், அன்று எடுத்த புது எக்ஸ்ரே ஆகியவை முதலில். எலும்பு நேராகச் சேர்ந்ததா, கோணலாகச் சேர்ந்ததா என்பது அடுத்து. கோணமானியால் அளந்த அசைவுகள் இரண்டு கைக்கும் வேண்டும்: ‘மேல் மடக்கு வலது 20 டிகிரி, இடது 70 டிகிரி’ என்று. பிடியின் வலு, டைனமோமீட்டரில் மூன்று முறை. முன்கையின் சுற்றளவு, ஏனென்றால் பயன்படுத்தாத கையில் தசை மெலியும், அதை நடிக்க முடியாது. எந்த வழிகாட்டி முறைப்படி சதவீதம் வந்தது என்பதும் வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டி நெறியா, வேறு முறையா என்று பெயர் சொல்லவேண்டும்.

கடைசியாக, பெரும்பாலான சான்றுகளில் விடுபடும் வாக்கியம்: ‘இவர் லேத் ஆபரேட்டர். மெஷினில் பாகத்தைப் பிடிக்கும் ‘சக்’கைப் பூட்ட, கனமான பாகத்தைத் தூக்க, கைப்பிடியைச் சுழற்ற வலது மணிக்கட்டு வேண்டும். இந்த அசைவோடு அந்த வேலையைச் செய்ய இயலாது. இலகுவான மேசை வேலை செய்யலாம். எனவே இழப்பு இத்தனை சதவீதம்.’ டாக்டருக்கு உங்கள் வேலை தெரியாது. சக்கின் எடை, ஒரு நாளில் எத்தனை முறை தூக்குவீர்கள், நின்றா உட்கார்ந்தா என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் மெஷினின் போட்டோவும்.

எப்போது சான்று வாங்குவது?

எலும்பு சேர்ந்து, பிசியோதெரபி முடிந்து, இனி பெரிதாக மாறாது என்ற நிலை வந்த பிறகு. எலும்பு முறிவுக்கு வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். நரம்புக் காயத்துக்கு இன்னும் கூடுதல். மாவுக்கட்டு பிரித்த மூன்றாம் வாரம் வாங்கிய சான்றைக் கொண்டுவந்தால், ‘அதன் பிறகு தேறியிருக்கலாம் அல்லவா?’ என்ற ஒரே கேள்விக்கு டாக்டர் ‘ஆம்’ என்றுதான் சொல்ல முடியும். பிளேட் எடுக்கும் ஆபரேஷன் பாக்கி இருந்தால் அதையும் சான்றில் எழுதச் சொல்லுங்கள்.

காத்திருப்பதால் பணம் போய்விடாது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே செலுத்த வேண்டியதாகிவிடுகிறது என்று மேலே சொன்ன 1975 தீர்ப்பே சொல்கிறது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. ஆனால் மனு போட இரண்டு வருடம்தான் கெடு. சான்று வரவில்லை என்பதற்காக மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாற்றுத்திறனாளி அட்டையில் 45 சதவீதம் இருக்கிறது. அது போதாதா?

ஊனம் இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று, அதுவும் அரசு வாரியம் கொடுத்தது. ஆனால் அது அரசு நலத்திட்டங்களுக்காக அளந்தது. விபத்தோடு இணைப்பைச் சொல்லாது, உங்கள் வேலையைப் பற்றியும் பேசாது. துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை அளித்த டாக்டர் சாட்சி சொல்ல வரமாட்டேன் என்கிறார்.

நிறையப் பேர் வரத் தயங்குகிறார்கள். ஓ.பி. நேரம் போகும், குறுக்கு விசாரணை எரிச்சல், மூன்று முறை வாய்தா. சிகிச்சை அளித்தவரே சாட்சி சொன்னால் மதிப்பு கூடுதல். ஆனால் அவர்தான் மதிப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பதிவுபெற்ற வேறொரு எலும்பு மருத்துவர் காகிதங்களைப் பார்த்து, உங்களைப் பரிசோதித்து மதிப்பிடலாம். அப்போது சிகிச்சை விவரம் ஆவணங்கள் மூலம் முறையாக வந்துசேர வேண்டும். சாட்சியை வரவழைக்கவும் ஆவணத்தைக் கொண்டுவரச் செய்யவும் ஆணையருக்கு 23-ஆம் பிரிவில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவேட்டு அலுவலரைக் கேஸ் ஷீட்டோடு வரவழைக்க மனு போடுங்கள். டாக்டருக்குக் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கித் தர முன்கூட்டியே கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சான்றை மட்டும் தாக்கல் செய்துவிட்டு டாக்டரை விசாரிக்காமல் விடுவது ஆபத்து. எதிர்த்தரப்பு மறுக்காவிட்டால் தப்பிக்கலாம். மறுத்தால் அது வெறும் காகிதம்.

கம்பெனி தன் டாக்டரிடம் பரிசோதனைக்கு வரச் சொல்கிறது. போக வேண்டுமா?

விபத்துத் தகவல் கிடைத்த மூன்று நாளுக்குள் இலவசப் பரிசோதனைக்கு முதலாளி ஏற்பாடு செய்தால் போகத்தான் வேண்டும். காரணமின்றி மறுத்தால் அந்த மறுப்பு நீடிக்கும் வரை இழப்பீட்டு உரிமை நிறுத்திவைக்கப்படும். ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பரிசோதனை கூடாது. பெண் தொழிலாளியை அவர் சம்மதமின்றி, வேறொரு பெண் உடன் இல்லாமல், ஆண் டாக்டர் பரிசோதிக்கக் கூடாது. எல்லாக் காகிதத்துக்கும் நகலைத்தான் கொடுங்கள். அசல் எக்ஸ்ரேயைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல் தவிப்பவர்கள் உண்டு. எவ்வளவு நேரம் பார்த்தார், எதை அளந்தார் என்று அன்றே குறித்துவையுங்கள். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய உங்கள் வக்கீலுக்கு அது போதும்.

‘முதுகுத் தேய்மானம் வயதால் வந்தது’ என்கிறார்கள். மூட்டை தூக்கும்போதுதான் பிடித்தது.

இன்சூரன்ஸ் கம்பெனிகளின் விருப்பமான வாதம் இது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் உலர்ந்துள்ளது, எலும்பு முனை வளர்ந்துள்ளது’ என்று நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கும் இருக்கும், வலியே இல்லாதவர்களுக்கும். ஆகவே ‘தேய்மானமே இல்லை’ என்று வாதாடுவது வீண். டாக்டர் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி, ஏற்கெனவே இருந்த தேய்மானத்தை இந்த விபத்து வேலை செய்ய முடியாத அளவுக்கு மோசமாக்கியதா என்பது.

அதற்கு உதவுபவை: விபத்துக்கு முன் முதுகுக்காக வைத்தியமே இல்லாதது, அதே எடையைத் தவறாமல் தூக்கிய வருகைப் பதிவு, முதல் சீட்டிலேயே காலுக்கு ஓடும் வலி என்ற குறிப்பு. சில வாரங்களுக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோப்பு தெரிந்தால் அது புதுக் காயத்தின் பக்கம் பேசும். மரத்துப்போன இடமும், ஸ்கேனில் அழுத்தப்பட்ட நரம்பும் பொருந்துகிறதா என்று டாக்டர் எழுத வேண்டும். நரம்புக் கடத்தல் சோதனை அதை உறுதி செய்யும். முதல் மூன்று மாதச் சீட்டுகளில் முதுகைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், கால் முறிவு மட்டும் இருந்து, நான்காம் மாதம் முதுகு வருகிறது என்றால் இணைப்பைக் காட்டுவது மிகக் கடினம்.

குறுக்கு விசாரணையில் டாக்டரிடம் என்ன கேட்பார்கள்?

‘நீங்கள் சிகிச்சை அளித்தீர்களா?’ ‘புது எக்ஸ்ரே எடுத்தீர்களா?’ ‘எந்த முறைப்படி அளந்தீர்கள்?’ ‘இது அந்த உறுப்புக்கா, முழு உடலுக்கா?’ ‘இவர் வேறு வேலை செய்யலாமா?’

கடைசிக் கேள்வியில்தான் சரிவு. ‘செய்யலாம்’ என்று டாக்டர் பொதுவாகச் சொன்னால் சதவீதம் பாதியாகிவிடும். எந்த வேலை, எவ்வளவு நேரம், எந்த எடைவரை என்று வரம்போடு சொன்னால் நிற்கும். அட்டவணையில் முழங்காலுக்குக் கீழே காலே போனதற்கு உள்ள சதவீதத்தைவிடக் கணுக்கால் விறைப்புக்கு அதிகம் எழுதியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். தயாராக ஒரு காரணம் இருக்க வேண்டும்.

வேலையில் இருக்கும்போது மாரடைப்பு. இழப்பீடு உண்டா?

வேலை நேரத்தில் இறந்தார் என்பது மட்டும் போதாது. 2006-இல் வாகனக் கிளீனர் ஒருவரின் மரண வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலையின் அழுத்தத்துக்கும் மரணத்துக்கும் இணைப்பைக் காட்ட ஆதாரம் வேண்டும் என்றது. 2012 டிசம்பரில், டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிவந்து சாலையோரம் மயங்கி விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தந்தது. தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலை, இரட்டை ஷிப்டா, டிரிப் ஷீட், டோல் ரசீதுகள் ஆகியவற்றைச் சேர்த்து இதய மருத்துவரிடம் கொடுத்து, இந்த உழைப்பு மாரடைப்பைத் தூண்டியிருக்க வாய்ப்புள்ளதா என்று கருத்து வாங்க வேண்டும். பிரேதப் பரிசோதனையே செய்யாமல் அடக்கம் செய்துவிட்டால் இந்த வழக்கு பெரும்பாலும் காலில்லாமல் நிற்கும்.

ஏ.ஆர். காப்பியில் ‘மது வாசனை’ என்று இருக்கிறது.

வாசனை என்பது போதை அல்ல. ரத்த மாதிரி எடுத்தார்களா, நிதானம் எப்படி இருந்தது என்று எழுதினார்களா என்று பாருங்கள். விபத்துக்கு நேரடிக் காரணமே போதைதான் என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். அதுவும் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த எதிர்வாதம் செல்லாது.

காது மந்தம், தூசி நோய் போன்றவை மெதுவாக வந்தவை. அவற்றுக்கு?

சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோய்கள் உள்ளன. இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு, சிலிக்கோசிஸ், பஞ்சுத் தூசி நுரையீரல் நோய் எல்லாம் அதில் உண்டு. இரைச்சல் நோய் ‘ஆ’ பகுதியில் வருவதால், அந்த வேலையில் ஆறு மாதமாவது தொடர்ந்து இருந்திருந்தால் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது முதலாளியின் வேலை.

காதுக்கு, இரைச்சலிலிருந்து விலகிக் குறைந்தது 14 மணி நேரம் கழித்து, குறும்பி எடுத்த பிறகு ஆடியோகிராம் எடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்த கையோடு எடுத்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்துவிடும், அறிக்கை செல்லாது என்பார்கள். இரைச்சல் பாதிப்பில் வழக்கமாக 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கி, 8,000-இல் சற்று ஏறும். நடிக்கிறார் என்ற சந்தேகம் வந்தால் பெரா சோதனை (ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் எதிர்வினையைக் கருவியே அளப்பது) உதவும்.

கல் குவாரி, கிரஷர், ஃபவுண்டரி தொழிலாளர்களின் சிலிக்கோசிஸ் பெரும்பாலும் காசநோய் என்ற பெயரில் ஒளிந்துகிடக்கிறது. சளிப் பரிசோதனை நெகட்டிவ்வாக இருந்தும் காசநோய் மாத்திரை இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று ஓடியிருந்தால், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டில் எக்ஸ்ரே படிக்கத் தெரிந்த டாக்டரிடம் காட்டுங்கள். என்ன வேலை, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, உலர் துளையிடலா ஈரத் துளையிடலா என்ற வேலை வரலாறு இல்லாமல் அந்த அறிக்கை முழுமையாகாது.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு தர மறுக்கிறது.

நோயாளி கேட்டு 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறை. மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்குங்கள். பில் பாக்கிக்காக மறுத்தாலும் இதே வழிதான். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமை மனுவும் போடலாம். மூன்று வருடம் தாண்டினால் கேஸ் ஷீட் அழிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் வழக்கு போடும் முன்பே வாங்கிவையுங்கள்.

மருத்துவச் செலவையும் கேட்கலாமா?

2009 திருத்தத்துக்குப் பிறகு, வேலையில் பட்ட காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும். உச்சவரம்பு இல்லை. பில் வேண்டும், பில்லில் தேதியும் நோயாளி பெயரும் வேண்டும், மருந்து பில்லுக்கு அதற்கான சீட்டும் வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசி மருத்துவச் செலவை ஏற்காவிட்டால் அந்தத் தொகை முதலாளி தலையில் விழும். மனுவில் இருவரையும் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தெர்மல் தாளில் அச்சான பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு சேர்த்துப் பின் அடியுங்கள்.

ஆணையர் சதவீதத்தைக் குறைத்துவிட்டார். உயர் நீதிமன்றத்தில் மாற்ற முடியுமா?

30-ஆம் பிரிவில் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான். உண்மைகளைப் பொறுத்தவரை ஆணையரே கடைசி என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் திரும்பவும் சொன்னது. ‘40 தர வேண்டும், 30 தந்தார்’ என்பது சட்டக் கேள்வி ஆகாது. ‘டாக்டரின் மதிப்பீட்டை எந்தக் காரணமும் சொல்லாமல் ஒதுக்கினார்’, ‘எந்த மருத்துவச் சான்றும் இல்லாமலே சதவீதம் போட்டார்’, ‘தொழிலாளியின் வேலையையே கணக்கில் எடுக்கவில்லை’ என்பவை ஆகலாம். அப்படிக் கேட்கவேண்டுமானால் டாக்டரின் வாக்குமூலத்தில் அந்த வாக்கியங்கள் முதலிலேயே இருந்திருக்க வேண்டும். கூண்டில் சொல்லாததை மேல்முறையீட்டில் சொல்லவைக்க வழியில்லை.